வெறும் வயித்துப் போட்டோ

— முந்நூத்தி நாப்பதுன்னா கிரிக்கெட்டுல கை தட்டலாம், அபுபக்கர் மாமா. இது ஒங்க சுகரு. காலையில வெறும் வயித்துல எடுத்து நீங்களே எனக்கு அனுப்புன போட்டோ, பாருங்க.

— அவ்ளோவா? கண்ணாடி இல்லாம எனக்கு நம்பரு தெரியாது மலரு. மிஷின்ல எது வந்தாலும் போட்டோ புடிச்சு தட்டிவுட்டுடுவேன். சொன்ன வேலையச் சொன்னபடி செய்றவன் நான். சவுதில இருவத்தாறு வருஷம் ட்ரெய்லர் ஓட்டுனவன், வல்லாஹி.

— ஆரம்பிச்சிட்டாரு. மலரு, நீ நல்லா சாஞ்சு உக்காரு, ட்ரெய்லரு ரியாத்துலேர்ந்து தம்மாம் போயி சேர நேரமாவும். பொண்டாட்டி நான் தெனம் கேக்குற கதைதான். அதுக்குள்ள ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.

— இப்பத்தான மாமி ஒரு சொம்பு குடிச்சீங்க?

— இந்த வெயிலுக்கு எத்தினி குடிச்சாலும் நாக்கு ஒட்டுது. நீ அந்த ஆளைக் கேளு.

— கேக்கத்தான் வந்தேன். வீடு வீடா மாத்திரை குடுக்குறவ நான், லால்பேட்டையில நாப்பது சுகர்காரவுங்களப் பாக்குறேன். ஒரு நா தவறாம போட்டோ அனுப்புறது நீங்க ஒருத்தர்தான் மாமா. மத்தவுங்களத் திட்டும்போது டாக்டரம்மா ஒங்க பேரைச் சொல்லித்தான் திட்டுறாங்க. பேரு எடுத்து என்னா புண்ணியம்? மூணு மாசத்துல ரெண்டு தடவ மாத்திரைய ஏத்தியாச்சு, சுகரு அதைவிட வேகமா ஏறுது.

— அந்த மாத்திரையாலதான் வம்பே. போட்டா கை நடுங்குது, சட்டை நனையிற அளவுக்கு வேர்க்குது.

— நடுக்கமும் வேர்வையும் சுகரு கொறைஞ்சவுங்களுக்கு வர்றது. முந்நூத்தி நாப்பதை வெச்சிக்கிட்டு நடிக்காதீங்க. எந்த வூட்டு நிக்காஹ்ல பிரியாணிய வழிச்சீங்க?

— வல்லாஹி, நாக்குல இனிப்பு பட்டு நாலு மாசம் ஆவுது. இவகிட்ட கேளு.

— அது நெசம்தான் மலரு. போன வெள்ளிக்கெழம பக்கத்து வூட்டுக் கல்யாணத்துல பீர்னி பாயாசம் குடுத்தாங்க. ரெண்டு கிண்ணத்தையும் நான்தான் காலி பண்ணேன். இவரு பூனை மாதிரி பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு.

— அப்ப சுகரு எப்புடி ஏறும், காத்துலயா? சரி, கேட்டுக்கங்க. நாளைக்கு சிதம்பரம் பெரியாஸ்பத்திரி. சுகர் டாக்டரைப் பாக்க ஒங்க பேருல சீட்டு எழுதி வாங்கிட்டேன். நானும் கூட வர்றேன். ஓ.பி. சீட்டுக்கு ஒரு ஜன்னல், ரத்தம் குடுக்க வேற எடம், மாத்திரைக்கு வேற வரிசை. தெரியாதவுங்க தனியா போனா நடந்தே பாதி சுகரு எறங்கிடும். அனேகமா இன்சுலின்தான் எழுதுவாங்க. தெனம் ரெண்டு ஊசி.

— ஊசியா?

— மூஞ்சியப் பாரு மலரு. பாலைவனத்துல மணல் காத்துக்கு நடுவுல வண்டி ஓட்டுனவராம். எறும்பு கடிச்சாலே கத்தி தெருவக் கூட்டுவாரு.

— ஏன் மாமி, தெனம் காலையில விரல்ல குத்திக்கிறவருக்கு இதுல என்னா பயம்?

— இவரா? இவரு குத்திக்கிட்டாரா?

— அஜீசு, நீ சும்மா இரு.

— மாமா, இங்க பாருங்க. பேச்சுக்குப் பேச்சு வல்லாஹின்னு அல்லா மேல சத்தியம் பண்றீங்கள்ல. அந்த ரத்தம் ஒங்களுதுன்னு ஒரு வல்லாஹி சொல்லுங்க.

— டீ குடிக்கிறியா மலரு? அஜீசு, போயி டீ போடு.

— பேச்ச மாத்துறாரு பாரு. விடு மலரு, ஊசியப் பாத்தாலே இவருக்கு மயக்கம் வருது. மூணு மாசமா என் விரலத்தான் நீட்டுறேன். மிஷினுக்கு வேண்டியது ஒரு சொட்டு ரத்தம், புருஷன் பொண்டாட்டிக்குள்ள யாருதக் குடுத்தா என்னா?

— மாமி, சிரிக்காதீங்க. கால்ல அந்தக் கட்டு எதுக்கு?

— செருப்பு கடிச்சது. ரெண்டு மாசமாச்சு, ஆறவே மாட்டேங்குது. ஏன் ரெண்டு பேரும் என்னையே பாக்குறீங்க?

— மலரு, சீட்டுல என் பேர அடிச்சிட்டு அஜீசுன்னிசான்னு எழுது. ஊசி போட நான் கத்துக்கிறேன்.