முத்தலிபு அடித்த கட்டை

அந்தி மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் கலைகிற நேரம். கல்பிட்டிப் பக்கம், கடலை ஒட்டிப் போகும் மணல் பாதை. ஆள் நடமாட்டம் இல்லை... மஸாஹிர் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான்.

மஸாஹிர் இந்த ஊர்க்காரன்தான். கரையோரத் திட்டத்தில் வேலை. கடல் எதுவரை ஏறும் என்று அளந்து அந்த இடத்தில் சிவப்புக் கட்டை அடிப்பான். கட்டைக்குக் கடல் பக்கம் இருப்பவர்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். உட்பக்கம் இருப்பவர்கள் இருக்கலாம்.

மீன்பிடிக்கும் முத்தலிபுவை மஸாஹிர் அண்ணன் முறையில் நானா என்பான். அவர் வீடு உட்பக்கம் விழுந்தது. "பயப்படாதீங்க நானா, இங்க தண்ணி வராது" என்று சொன்னதும் மஸாஹிர்தான். போன புயலில் அந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. முத்தலிபுவையும்தான். அடக்கம் செய்ய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து மஸாஹிருக்கு அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. சோறு போட்டால் தின்பான். வேலைக்குப் போவான். அவ்வளவுதான்.

டொக்... டொக்...

மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். அழுகிய பாசி வாசம். கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, தென்னந்தோட்டத்தில், ஒருவர் குனிந்து கட்டை அடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டிய சாரம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"நானா?"

முத்தலிபு நிமிரவில்லை. "நீங்க பிழையா அடிச்சிட்டீங்க தம்பி. நான் அங்கால இருந்து பாத்திட்டுத்தான் வாறன்."

ஓட வேண்டும் என்று மஸாஹிருக்குத் தோன்றவில்லை. "இதுதான் கடைசியா?" என்று கேட்டான்.

"இல்ல. இன்னும் ஒண்டு இரிக்கி."

இன்னொரு கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். மஸாஹிர் பின்னால் போனான். பள்ளிவாசலைத் தாண்டினார்கள். கடைத்தெருவைத் தாண்டினார்கள். மஸாஹிரின் வீட்டு வேலி வந்தது... அங்கேயும் முத்தலிபு நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், ஊரார் மையித்துகளை அடக்கும் மையவாடி இருட்டுக்குள் போனார்.

டொக்... டொக்... பிறகு சத்தமே இல்லை.

விடிந்ததும் கூட்டாளி இஸ்ஹாக்கைக் கூட்டிக்கொண்டு போனான். மையவாடியில் கட்டை நின்றது; மஸாஹிரின் வீடு அதற்குக் கடல் பக்கம். இருவரும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். மண்ணுக்குள் இருந்த பகுதி முழுக்கச் சிப்பி. பல வருடம் கடலுக்குள் கிடந்த மரம் மாதிரி.

"இது நேத்து அடிச்சதா?" இஸ்ஹாக் சிப்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

மஸாஹிர் வீட்டுக்கு வந்தான். மனைவி நிஃப்லா தேத்தண்ணி ஊற்றிவைத்திருந்தாள். அவனோடு உட்கார்ந்து ஒரு வாய் குடித்தவள் அப்படியே துப்பினாள்.

"என்ன இது... கிணத்துத் தண்ணி இப்பிடி உப்புக் கரிக்கிது?"

மஸாஹிர் தன் கோப்பையைக் குடித்து முடித்திருந்தான்.