கேட்டாலும் கொடுக்காதே

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ருசி இருக்காது, பசம்மா. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மண்பானையில் ஊற்றி வெட்டிவேர் போட்டு வைத்தாலும் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி அதற்கு வருவதில்லை. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனால் அதைத்தான் குடிக்க வேண்டும், கொடுக்க வேண்டும். யார் கேலி செய்தாலும் செய்துவிட்டுப் போகட்டும்.

நேற்று உன் குழந்தைக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏஞ் சின்னம்மா, எங்கம்மாளுக்கும் இதயக் குடுத்திருந்தாப் பொழச்சிருப்பாளா?" என்று கேட்டாய். வாயில் வந்ததைத்தான் கேட்டாய், எனக்குத் தெரியும். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. தூங்குகிறது. நீ இப்படி உட்கார். எனக்கும் இதைச் சுமந்து சுமந்து அலுத்துவிட்டது. பிழைத்திருப்பாள் என்பதுதான் பதில். மீதியையும் கேட்டுக்கொள்.

நம் வீட்டில் தசராவுக்கு மைசூர் போகும் பழக்கத்தை ஏற்படுத்தியவளே உன் அம்மா சாமியாத்தாள்தான். நான் இந்த வீட்டுக்குச் சின்ன மருமகள், அவள் பெரியவள். அவள் சொன்னால் உன் அப்பாவும் கேட்பார், உன் சித்தப்பாவும் கேட்பார். ஹனூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு சாமராஜநகர் போய், அங்கே ரயில் ஏறி, நஞ்சன்கூட்டில் இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு மைசூர் போவோம். லஷ்கர் மொகல்லாவில் தெரிந்த தமிழ்க்காரர் வீட்டில் பின்கட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். எல்லோரும் அரண்மனை விளக்கைப் பார்க்கப் போவார்கள், பொருட்காட்சிக்குப் போவார்கள், சாமுண்டி மலைக்குப் போவார்கள். நான் பார்த்தது அடுப்பைத்தான். நம் ஊர் அடுப்பு புகையாது, அந்த ஊர் அடுப்பு புகையும். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான். யாருக்குப் புளித்த ஏப்பம் வந்தது, யார் செம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொல்லைப்பக்கம் போனார்கள் என்று கவனித்துக்கொள்வதும் என் வேலை. ஓமம், சுக்கு, வசம்பு எல்லாம் என் முந்தானை முடிச்சிலேயே இருக்கும்.

கடைசிக்கு முந்தின தடவை போனபோது என் மகன் மாரிசாமி இருந்தான். உன்னைவிடச் சின்னவன், உனக்கு அவன் முகம் நினைவிருக்காது. நஞ்சன்கூட்டுச் சத்திரத்தில் அவனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. வாந்தி பேதிக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். தண்ணீர் உள்ளே போனால் உயிர் வெளியே வந்துவிடும் என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். மாரிசாமி, "அம்மா, தண்ணி" என்றான். என் கை தானாகச் செம்புக்குப் போயிற்று. உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங் கண்ணு, பெத்த புள்ளைய நீயே கொன்னுறாத" என்று அழுதாள். ஈரத் துணியால் அவன் உதட்டைத் துடைத்தோம். அவன் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு சப்பினான். உன் அம்மா அதையும் இழுத்துக்கொண்டாள். மறுநாள் கபிலா ஆற்றங்கரையில் குழி வெட்டினார்கள். எனக்கு அதற்குப் பிறகு வயிற்றில் கரு எதுவும் தங்கவில்லை.

உன் அம்மா கெட்டவள் இல்லை. இதை நீ நன்றாக மனதில் போட்டுக்கொள். அன்றைக்கு என்னைவிட அதிகம் அழுதவள் அவள்தான். அந்த வருஷம் முழுக்க என் தலைக்கு எண்ணெய் வைத்தவளும், நான் சாப்பிடாவிட்டால் தானும் சாப்பிடாமல் இருந்தவளும் அவள்தான். அடுத்த தசராவுக்கு நான் வரவில்லை என்றேன். "உனக்கு மனசு மாறோணும்னுதானே போறதே, பொறப்படு" என்று என் துணிமணியை அவளே மூட்டை கட்டினாள். அவ்வளவு நல்லவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது.

அந்த வருஷம் மைசூரில் பக்கத்து வாசலில் ஹில்டா என்று ஒரு நர்சம்மா புருஷனோடு குடிவந்திருந்தாள். நம் பாஷைக்காரி, கிறிஸ்தவப் பெண். தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் கெட்டுப்போகும், காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று சொன்னது அவள்தான். பேச்சுவாக்கில் என் பிள்ளை போன கதையைச் சொன்னேன்.

"என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"மருந்து என்னத்த, தண்ணிகூட வாயில காட்டாமத்தான் காப்பாத்திப் பாத்தோம்" என்றேன்.

"அய்யய்யோ, தண்ணிதானேம்மா அதுக்கு மருந்து! எவ்வளவு போகுதோ அவ்வளவும் உள்ள போகணும். கொதிச்ச தண்ணியில உப்புப் போட்டு, கஞ்சித் தெளிவு, கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே இருந்தா நெறையக் கொழந்தைங்க பொழச்சுக்குதே" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். என் குடத்தை அவளே தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். நன்றாக இருந்தது. உன் அப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஹில்டா சொன்னதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் மனம் ஒடிந்துபோவாள், பாவம், எதற்கு என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

அன்றிலிருந்து அண்டாவில் தண்ணீரைக் காய்ச்சி வைத்தேன். உன் அம்மா குடிக்க மாட்டாள். "சுடுதண்ணி குடிக்கறதுக்கு நானென்ன இப்பத்தான் புள்ள பெத்தவளா?" என்று சிரிப்பாள். பொருட்காட்சியில் வண்டிக்காரன் வெள்ளரிக்காயைக் கீறி, வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தான். வாளியில் ஈ மிதந்தது. உன் அம்மா ருசித்துச் சாப்பிட்டாள். வேண்டாங்கக்கா என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. நீ, "எனக்கும்" என்று அழுதாய். உன்னை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்ப் பொரிகடலை வாங்கிக் கொடுத்தேன். அந்த வருஷம் உன் வயிற்றை நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

விஜயதசமி அன்று காலையில் கொல்லைக்குப் போன உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அப்புறம் போவதும் வருவதுமாக இருந்தாள். கடைசியில் போகவும் முடியவில்லை. ஜம்பு சவாரி யானை ஊர்வலத்துக்கு நேரத்தோடு போனால்தான் தெருவோரம் இடம் கிடைக்கும் என்று எல்லோரும் புதுத்துணி உடுத்தித் தயாராக இருந்தார்கள். உன் அப்பா தான் போகவில்லை என்றார். உன் அம்மா விடவில்லை. "இம்புட்டுத் தூரம் வந்துபோட்டு எனக்காவ ஒருத்தரும் நிக்க வேண்டாம். புள்ளைக்கு ஆனையக் காட்டுங்க. சின்னவ இருக்கறா, அவ பாத்துக்குவா" என்றாள். ஆஸ்பத்திரி என்ற பேச்சை யாருமே எடுக்கவில்லை. வெளியே தெரிந்தால் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், போனவர் திரும்ப மாட்டார் என்று எல்லோருக்கும் பயம். உன் சித்தப்பா வாசல் கதவைச் சாத்தியே வைக்கச் சொன்னார்.

எல்லோரும் கிளம்பும்போது உன் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ராமக்கா, நா வாய்விட்டுக் கேட்டாலுந் தண்ணி குடுத்துராத. அழுதாலுங் குடுக்காத" என்றாள். எல்லோர் காதிலும் விழுகிறபடிதான் சொன்னாள். சரிங்கக்கா என்றேன். நீ பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு உன் அப்பா தோளில் உட்கார்ந்து போனாய்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் ஹில்டா குடையும் பையுமாக டியூட்டிக்குக் கிளம்பி வாசலில் நின்று கூப்பிட்டாள். "டவுன்ல நாலஞ்சு எடத்துல காலராங்கறாங்கம்மா. உங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க? யாருக்காவது ஒண்ணுன்னா மறைக்காதீங்க. ஆஸ்பத்திரியில நரம்புல உப்புத்தண்ணி ஏத்துறாங்க, செத்துருவாங்கன்னு தூக்கிட்டு வந்தவங்களே எழுந்து நடக்கிறாங்க" என்றாள்.

நான் கதவைப் பாதி திறந்து, நடுவில் நின்றுகொண்டிருந்தேன். "எல்லாருஞ் சவாரி பாக்கப் போயிட்டாங்க" என்றேன்.

"நீங்க போகலையா?"

"எனக்குக் கூட்டம் ஆவாதுங்க."

அவள் போய்விட்டாள். நான் சொன்னது பொய் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஒரு ஆளை விட்டுவிட்டுச் சொன்னேன், அவ்வளவுதான்.

உன் அம்மாவுக்கு நான் செய்ய வேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை. துணி மாற்றினேன். அலசிக் காயப்போட்டேன். கெண்டைக்கால் முறுக்கி இழுத்தபோது சுக்குப்பொடி போட்டுத் தேய்த்தேன். தொப்புளைச் சுற்றி வசம்பு அரைத்துப் பூசினேன். மத்தியானம் அவள் தண்ணீர் கேட்டாள். "வேண்டாங்கக்கா, நீங்கதானே குடுக்க வேண்டாமுன்னீங்க" என்றேன். மறுபடியும் கேட்டாள். என் புடவையைப் பிடித்து இழுத்தாள். இழுக்கிற அளவுக்குக்கூடக் கையில் வலு இல்லை. அழுதாள். கண்ணீர் வரவில்லை. உடம்பில் இருந்தால்தானே வரும்.

இப்போது தெரிகிறதா அக்கா, என் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு அசதி. அன்றைக்கு என்று இல்லை, ஒரு வருஷத்து அசதி. அவள் கூப்பிடுவதை நிறுத்தினால் கொஞ்சம் கண்ணயரலாம் என்றுகூட நினைத்தேன்.

இவ்வளவையும் கேட்டால், செத்த பிள்ளைக்காகச் சின்னம்மா பழி தீர்த்துக்கொண்டாள் என்று நினைப்பாய். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வரும். ஆனால் அது முழு உண்மை இல்லை. முழுதாகச் சொல்லத்தான் உன்னை உட்காரவைத்தேன்.

சாயங்காலம் அரண்மனைப் பக்கம் பீரங்கி முழங்கியது. சவாரி கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு உன் அம்மா உடம்பு தூக்கிப் போட்டது. எனக்கு அப்போது எந்தக் கோபமும் மிச்சமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எழுந்து போய் அண்டாவில் காய்ச்சி வைத்திருந்ததை டம்ளரில் எடுத்து, உப்புப் போட்டு, ஒரு துண்டு வெல்லமும் கரைத்துக்கொண்டு வந்தேன். அவள் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டு ஹில்டாவின் புருஷனைக் கூப்பிட்டு வண்டி பிடிக்கச் சொல்ல வேண்டும் என்றுகூட மனதில் கணக்குப் போட்டாயிற்று. டம்ளர் அவள் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவளுக்குக் கண் தெரியவில்லை. டம்ளரை அவள் பார்க்கவில்லை. மெல்லப் பேசினாள். "ராமக்கா, நா இனி இருக்க மாட்டே. பசம்மாவ உனக்குக் குடுத்துட்டே. உம்பட புள்ளையா வளத்துக்க. இன்னொருத்தி கையில உட்டுராத."

நான் டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"சரிங்கக்கா" என்றேன்.

அப்புறம் ரொம்ப நேரம் ஆகவில்லை. நீங்கள் திரும்பி வரும்போது நீ உன் அப்பா தோளிலேயே தூங்கிப்போயிருந்தாய். முதலில் உன்னைத்தான் கைநீட்டி வாங்கினேன். ஹில்டா வந்து பார்த்தாள். "காலையில ஏன் சொல்லல?" என்றாள். "அவங்களே வேண்டாமுன்னுட்டாங்க" என்றேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். உன் அப்பா என் காலில் விழாத குறை. இவ்வளவு நோயிலும் அருவருக்காமல் கூட இருந்தாள் என்று ஊரெல்லாம் சொன்னார்.

அவருக்கு மறுபடியும் பெண் பார்த்தபோது தடுத்தவள் நான்தான். மாற்றாந்தாய் கையில் பிள்ளையைக் கொடுப்பதா என்று கேட்டேன். உன்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. உனக்குத் தலைவலி என்றால் எனக்குச் சோறு இறங்காது. நம் ஊரில் யாருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் கூப்பிடுகிறார்கள், போகிறேன், எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கின்றன. கைராசிக்காரி என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டும் அலுத்துவிட்டது.

நீ போய் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். நான் மறுக்க மாட்டேன். தண்ணீர் இருந்தது, தெரிந்தும் இருந்தது, கொடுக்காமல் கொன்றேன். ஆனால் உன் அம்மா கடைசியாக என்னிடம் கேட்டது தண்ணீரை இல்லை, பசம்மா. உன்னை வளர்க்கச் சொன்னாள். அவள் பேச்சை நான் தட்டினேன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது.