தடைக்காலத்துப் பிரஷர்

ஆஸ்பத்திரி முடிந்து தவளக்குப்பம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மீன்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் மடியிலும் பிரஷர் மாத்திரைக் கவர்.

“மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே எனக்கு பிரஷர் ஏறிடுதுக்கா,” என்றாள் இளையவள்.

“போட்டு கடலுக்குப் போகாததுக்கும் ஒன் பிரஷருக்கும் என்னாடி?”

“போட்டு கரையில நின்னா எங்க வீட்டுக்காரரும் வீட்லதானக்கா. சோறு லேட்டானா அடி, வாயத் தொறந்தா அடி. அவரு செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. ராத்திரில தூக்கமே வர்றதில்ல.”

“டாக்டரம்மாகிட்ட சொன்னியா?”

“எப்படிக்கா சொல்றது, வெக்கமா இருக்காதா? ஏன் ஏறுதுன்னு கேட்டாங்க. கருவாடு நெறைய துன்றேன்னு சொல்லிட்டேன். அத நிறுத்துன்னாங்க.”

“நிறுத்துனியா?”

“பொய் சொல்லிட்டமேன்னு நெசமாவே நிறுத்திட்டேன். இன்னிக்குப் பாத்தா இன்னும் ஏறியிருக்கு. மாத்திரையக் கூட்டிக் குடுத்துட்டாங்க.”

மூத்தவள் தன் மாத்திரைக் கவரை முந்தானைக்குள் தள்ளினாள். பஸ் முதலியார்பேட்டையைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

“நான் டாக்டரம்மாகிட்ட ஊறுகாய்னு சொல்லி வச்சிருக்கேன்டி.”