ரிப்போர்ட்டின் கடைசி வரி

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் இடது மார்ஜின் ஒரு விரல் உள்ளே தள்ளி நிற்கிறது மேடம். முதலில் அதைச் சரிசெய்துவிட்டேன். இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. உங்கள் ரைட்டருக்குத் தமிழ் பேசத்தான் வருமாம், எழுத வராதாம். நானே அடித்துத் தருகிறேன் என்றேன். முப்பது வருஷமாக இதே வேலைதானே.

என் பெயர் ஆஞ்சலா. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வந்து, தொம்மலூரில் ஒரு லேபில் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தேன். உடம்பில் கட்டி இருந்தால் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பார்களே, அந்த மாதிரி லேப். டாக்டர் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். அதற்கு ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தேன். புது ரிப்போர்ட் திறந்தால் தலைப்பு, கட்டம், டாக்டர் பெயர் எல்லாம் தானாக வந்து நிற்கும். கடைசி வரி மட்டும் காலியாக இருக்கும். புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்கிற வரி அது. ஜனங்கள் அந்த ஒரு வரியைத்தான் பார்ப்பார்கள். பாதி டாக்டர்களும் அப்படித்தான். காலியாக விட்டால்தான் அடிக்கிறவள் ஒரு நிமிஷம் நின்று யோசித்து அடிப்பாள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

போன வருஷம் மேனேஜர் நாகேஷ் சார், ராகேஷ் என்று ஒரு கம்ப்யூட்டர்காரரைக் கொண்டுவந்தார். நாகேஷ் சார்தான் எல்லார் எதிரிலும் என் டெம்ப்ளேட்டைத் திறந்து காட்டி, "என்ன ஆஞ்சலாம்மா இது, டைப்ரைட்டர் காலத்து சாமான். நீங்க கீழ ரிசப்ஷன்ல டோக்கன் குடுங்க, உங்களுக்கு அது போதும்" என்றார். சிரித்தார்கள். யார் யார் என்று என்னால் சொல்ல முடியும், ஆனால் இந்தக் கேஸுக்கு அது வேண்டாம்.

ராகேஷ் புது டெம்ப்ளேட் போட்டார். கடைசி வரியில் 'புற்றுநோய் அணுக்கள் இல்லை' என்று முன்கூட்டியே அடித்து வைத்தார். பெரும்பாலும் அதுதானே வருகிறது, நேரம் மிச்சம் என்றார். நோய் இருந்தால் அடிக்கிறவர் மாற்றிக்கொள்ள வேண்டியது. இரண்டாவது வாரமே ஒரு ரிப்போர்ட்டில் மாற்ற மறந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடும்போது டாக்டர் கண்ணில் பட்டதால் தப்பித்தது. ராகேஷ் பயந்துபோய் அன்றைக்கே அந்த வரியைக் காலி செய்தார்.

அந்த வரி காலியாக இருக்க வேண்டும் என்பது என் யோசனை மேடம். என்னைக் கீழே அனுப்பிய பிறகு, ராகேஷ் அதையே தன் யோசனையாக வைத்துக்கொண்டார். நாகேஷ் சார் ரிசப்ஷனில் வைத்தே அவருக்குக் கைகொடுத்துப் பாராட்டினார். டோக்கன் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரயில் என்னைச் சீக்கிரமே இறக்கிவிட்டுவிடும். லேபைத் திறக்கிற சாவியும் என்னிடம்தான். புது ரிப்போர்ட் கேட்டால் எந்த ஃபோல்டரிலிருந்து டெம்ப்ளேட்டை எடுக்க வேண்டும் என்று எம்.எஸ். வேர்டில் ஓர் இடத்தில் குறித்திருக்கும். 'புற்றுநோய் அணுக்கள் இல்லை' என்ற வரியோடு இருந்த டெம்ப்ளேட்டின் காப்பி ஒன்றை என் பழைய ஃபோல்டரில் வைத்து, மாடியில் இருந்த மூன்று கம்ப்யூட்டரையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். அப்புறம் ராகேஷ் தன் ஃபோல்டரில் எத்தனை தரம் திருத்தினாலும், புது ரிப்போர்ட்டில் அந்த வரி வந்து நின்றது. வேர்டையே கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தார். அப்போதும் நின்றது. கையால் அழித்துவிட்டு அடியுங்கள் என்று எல்லாருக்கும் சொன்னார். அறுபது ரிப்போர்ட் அடிக்கிற நாளில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? டாக்டரும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அச்சான ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுப்பதும் என் வேலைதான். மேலே நாலு வரி படித்தாலே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். சிலதில் மேலே ஒன்று சொல்லும், கடைசி வரி வேறு சொல்லும். ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து சின்னத்தாயி வந்தாள். ரோடு பெருக்குகிறவள், மார்பில் கட்டி. கூட மகள் சங்கமித்ரா. கவரை என்னிடமே திருப்பி நீட்டி, "ஒண்ணும் இல்லதானக்கா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நிம்மதியா போய்ட்டு வா" என்றேன்.

மகள் எதிர் பேக்கரிக்கு ஓடிப்போய் தில்பசந்த் வாங்கிவந்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். சாப்பிட்டேன். தேங்காய் நிறையப் போட்டிருந்தார்கள்.

அந்த வாரம்தான் ராகேஷ் கீழே இறங்கி வந்தார். தூங்கி நாலு நாள் ஆன முகம். "தப்பு என்னோடதுதான் ஆன்ட்டி. உங்க பழைய டெம்ப்ளேட்டையே போட்டுக் குடுங்க. கால்ல வேணாலும் விழறேன்" என்றார்.

"நீ எதுக்குப்பா விழணும். நாகேஷ் சார் வந்து கூப்பிடட்டும், எல்லார் எதிர்லயும்" என்றேன். நியாயமான பேச்சுதானே. அவர் வரவில்லை.

போன மாசம் சின்னத்தாயி இறந்துபோனாள். சங்கமித்ரா புகார் கொடுத்தாள். நீங்கள் ராகேஷைப் பிடித்து, எல்லாம் அவருடைய கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. அந்தக் கம்ப்யூட்டர்களைத் திருப்பிவிட அவருக்குத் தெரியாது மேடம். இருபது நாள் தேடியும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. என் வேலைக்கு இன்னொரு தரம் அவர் பெயரைப் போடாதீர்கள். நான்தான் செய்தேன். சின்னத்தாயி மாதிரி இன்னும் பதினொரு பேருக்கு நானே கவர் கொடுத்திருக்கிறேன், ஒவ்வொன்றையும் படித்துவிட்டு.

நீங்கள் ராகேஷைப் பிடித்துப்போனதும் தொந்தரவு தீர்ந்தது என்று, புகாரால் மூடியிருந்த லேபை மறுபடி திறந்துவிட்டார்கள். மூன்று கம்ப்யூட்டரும் இன்னும் என் ஃபோல்டரைப் பார்த்துத்தான் நிற்கின்றன. இன்று காலையிலும் ரிப்போர்ட் போயிருக்கும். சரிசெய்ய எனக்கு இரண்டு நிமிஷம் போதும், மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நாகேஷ் சாரை வந்து கூப்பிடச் சொல்லுங்கள்.