கழுத்தை முடிக்கத் தெரிஞ்சவ

இன்னும் கிட்ட வந்து உக்காரும்மா, நூல் இழுபடுது. ரெண்டு கையையும் நேரா நீட்டு... ம், அப்படித்தான். கம்பளிச் சிட்டம் நழுவிச்சுன்னா சிக்காயிடும். அப்புறம் ராத்திரிச் சாப்பாடும் உனக்கு இங்கதான்!

அந்தப் பொட்டலம் மடியிலேயே இருக்கட்டும். பிரிக்க எனக்கொண்ணும் அவசரமில்ல. முதல்ல குல்லாவுக்கு இந்த உருண்டையைச் சுத்திக்கிறேன்.

என்ன சொன்னா மாடிக்காரி? ஒண்ணும் சொல்லலையா? எங்க சொல்லுவா! என் ஓரகத்தி மூக்கைச் சுளிச்சாலே பத்து வார்த்தைக்குச் சமம்.

எல்லாம் எங்க மாமியார் பண்ணின வேலை. ஸ்வெட்டருக்குக் கண்ணி போட்டு ஆரம்பிக்கிறதை மூத்த மருமக எனக்கு மட்டும் சொல்லிக் குடுத்தாங்க. கண்ணி அவிழாம கழுத்தை முடிக்கிறதை இளையவளுக்கு மட்டும். ஏன் அத்தைன்னு கேட்டா, "ரெண்டும் ஒருத்திக்கே தெரிஞ்சா இன்னொருத்தியை மதிப்பீங்களாடி?"ன்னாங்க. அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. மாட்டிக்கிட்டது யாரு?

கையைத் தொங்கவிடாதே!

சண்டையா? பெருசா ஒண்ணுமில்ல. சொந்தக்காரங்க வந்திருந்தப்ப எல்லாரும் ஸ்வெட்டர்ல அவ முடிச்ச கழுத்தையே தடவித் தடவிப் பாத்தாங்க. "கடைசியில ரெண்டு சுத்து சுத்திட்டு முழு ஸ்வெட்டருக்கும் பேர் வாங்கிக்கிறா"ன்னு... வாய் தவறி... கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன். அன்னிலேருந்து எங்களுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு.

நாளைக்கு என் மக குழந்தையோட ஆஸ்பத்திரியிலேருந்து வரா. எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் எங்க கையால பின்னினதைப் போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்துச்சுங்க. என் பேரன் மட்டும் துண்டைச் சுத்திக்கிட்டு வரணுமா? அதான், பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்த உன்னைப் பிடிச்சு, கழுத்து முடிக்காத ஸ்வெட்டரை ஊசியோட குடுத்து மேல அனுப்பினேன். உனக்குத்தான் எங்க கதை தெரியாது.

ஆச்சு. இப்பக் குடு, பாக்கலாம்.

அடடா... வேலையைக் குத்தம் சொல்ல முடியாது. ஒரு கண்ணி பிசகல. எவ்வளவு மெத்துன்னு... இரு. இரு! தலை எங்க நுழையும்? அடிப்பாவி! முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் சேத்து, கழுத்தையே அடைச்சு வச்சிருக்கா! தலகாணி உறையா கேட்டேன் நான்?

எங்க இழுத்தா எது அவிழும்னு அவளுக்குத்தானே தெரியும்? நானே படியேறி வரணுமாம்! மாட்டேன். குழந்தை துண்டோடவே... ஐயோ, நாளைக்குக் காலையிலயே வந்துடுவாங்களே.

சிரிக்காதே நீ!

சத்தம் போடாம மேல கேளு. டங்... டங். கேட்டுச்சா? எமகாதகி, காப்பிக்கு ரெண்டு டம்ளர் எடுத்து வைக்கிறா.