வளைத்துப் போட்ட கோடு

— நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் மாமியார் கேட்டாங்க, "உனக்கு என்னடி வேலை தெரியும்?"னு. பயத்துல தேய்க்கத் தெரியும்னு சொல்லிட்டேன்.

— பாத்திரத்தைத்தானே சொன்னீங்க அக்கா?

— பாத்திரத்தைத்தான் சொன்னேன். அவங்க படகையும் சேர்த்து எடுத்துக்கிட்டாங்க. அது கிடக்கட்டும். இந்தப் படகுத் தளத்துல பிரஷ்ஷை நீளவாக்குல இழுக்காதே, குறுக்கால போடு. நீளவாக்குல இழுத்தா மெத்துன்னு இருக்கிற மரத்தையெல்லாம் வழிச்சு எடுத்துடும், ரேகை ரேகையாப் பள்ளம் விழும். அடுத்த மழைக்குப் பாசி அதுக்குள்ளதான் குடியேறும்.

— குறுக்கால போட்டா முட்டி கழண்டு போகுதுக்கா.

— அதுக்குத்தானே மூணு சாக்கு விரிச்சிருக்கு.

— சாக்கும் சொதசொதன்னு கிடக்கு. இந்தக் கறுப்புப் புள்ளி மட்டும் ஏன் அசைய மாட்டேங்குது? பச்சையெல்லாம் வந்துடுச்சு.

— அது பாசி இல்லை, பூஞ்சை. மரத்துக்குள்ள இறங்கியிருக்கும். வினிகர் தண்ணியைத் தெளிச்சு ஊற விடு. அவசரப்பட்டா நம்ம கைதான் தேயும்.

— கூடவே கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடரைப் போட்டா?

— போடு. போட்டுட்டு ரெண்டு பேரும் மூச்சு முட்டி இங்கேயே படுத்துக்கலாம். ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?

— படுத்துக்கலாம்னு சொன்னதும் ஆசையா இருக்குக்கா. நேத்தெல்லாம் உட்காரவே இல்லை. மூட்டை கட்டிக்கிட்டே இருந்தேன்.

— கட்டிட்டியா?

— பாதி. அடுப்பை மட்டும் வெளியில வெச்சிருக்கேன். காலையில பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துட்டுத்தான் பஸ் ஏறணும்.

— உன் புருஷன் மனசு மாறவே இல்லையா?

— சாப்பிட உட்கார்ந்தப்ப பேச்சை எடுத்தேன். "கூடப் பிறந்தவனுக்கே கோடு போட்ட ஆளோட துறையில நான் ஏன் கிடக்கணும்? எங்கேயாவது போய் எவன் படகையாவது ஓட்டிக்கிறேன். அங்க எவனும் என் காலைப் பார்த்துக் கோடு போட மாட்டான்"னார். பாதிச் சோத்துல எழுந்து கை கழுவிட்டார்.

— நானும் என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். இருக்கிறது ஒரே தம்பி, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னேன். சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டார். முதுகுகிட்ட எவ்வளவு நேரம் பேசுறது?

— படகுல பெயிண்ட்டால கோடு போட்டதைக்கூட அவர் பொறுத்துக்கிட்டார்க்கா. ஒத்துவரலை, முன்பக்கம் தம்பிக்கு, பின்பக்கம் அண்ணனுக்கு, சரி. அதை நேரா இழுத்திருக்கக் கூடாதா? நடுவுல வளைச்சு, இந்த ஒரு பலகையை மட்டும் மாமா தன் பக்கம் சேர்த்துக்கிட்டாரே. அதுவும் எந்தப் பலகை? என் வீட்டுக்காரர் தன் கையால அறுத்து இழைச்சுப் போட்ட பலகை. "இந்தப் பக்கம் உன் கால் படக் கூடாது"ன்னு துறையில அத்தனை பேர் முன்னாடி வேற மாமா சொன்னார்.

— ஒரு பலகைக்கு ஆசைப்படுற மனுஷனோடவா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம்னு எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. அன்னிக்கிலிருந்து அவனும் தேய்க்கலை, இவரும் தேய்க்கலை. படகை எடுத்து ஓட்டவும் இவர் விடலை. மழை முழுக்கக் கட்டியே கிடந்துச்சு. பாசிக்கு ஏது கோடு? அது ரெண்டு பக்கமும் ஒத்துமையா வளர்ந்திருக்கு.

— தளம் சுத்தமாயிட்டா என் வீட்டுக்காரர் மனசு இளகும்னு நினைக்கிறீங்களா?

— இளகாட்டியும் போகுது. கடைசியாப் பார்த்துட்டுப் போறதை நல்ல கோலத்துலயாவது பார்த்துட்டுப் போகட்டும். அந்த வளைவுகிட்ட தேய். கோடும் சேர்ந்து அழிஞ்சா அழியட்டும்.

— அக்கா.

— என்ன?

— பிரஷ் உள்ள போகுது.

— எங்க?

— இங்க. அந்தப் பலகையிலதான். பாசி வந்ததும் அடியில ஊறின ரொட்டி மாதிரி இருக்கு. பாருங்க, நகத்துலயே பிய்யுது.

— கையை எடு. அமுக்காதே. இது செத்த மரம்டி. மேல ஒரு ஆள் நின்னா, கால் நேரா உள்ள போய் அடியில ஓடுற இஞ்சின் மேலதான் நிக்கும்.

— இது அவர் போட்டதுக்கா. மரம் காயுறதுக்குள்ள போட்டுட்டாரோ என்னவோ. அவர் எதைச் செஞ்சாலும் எல்லாரும் சிரிப்பாங்க. இந்தப் பலகையை மட்டும்தான் மாமா தட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்குடா"ன்னார். அன்னிக்கு இவர் வீட்டுக்கு வந்து அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தார். இது தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்.

— தெரிய வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம். நீங்க பஸ் ஏறினப்புறம் தச்சரை வெச்சு மாத்திக்கிறேன். மூக்கைத் துடை. அந்தச் சாக்கை இழுத்து இது மேல போடு. சீக்கிரம், என் வீட்டுக்காரர் வர்றார்.

— இப்ப எதுக்கு மாமா இங்க?

— தேய்க்கிற சத்தம் கேட்டிருக்கும். நீ தலையைக் குனிஞ்சு வேலையைப் பாரு. வாங்க, வாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் நல்ல நேரத்துக்கு வந்தீங்க. அங்கிருந்தே பாருங்க. உங்க பக்கம், அவன் பக்கம், எல்லாம் ஒரே நிறம்தான் இப்ப.

— மாமா, அவர் காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்புறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுவார் மாமா.

— அவ கேட்கிறா இல்லை? நீங்க பாட்டுக்கு ஏறி முன்பக்கம் நடந்தா என்ன அர்த்தம்? ஈரம், பார்த்துக் கால் வைங்க. அங்க போய் நின்னு தண்ணியைப் பார்த்தா தம்பி வந்துடுவானா? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?

— விடுங்கக்கா. திரும்பிட்டார்.

— எனக்கு இது பழக்கம்தான்டி. நீதான் நம்பிக்கையோட கேட்டே. மிச்சத்தை அலசி விட்டுட்டுக் கிளம்பு, பிள்ளை தேடும்.

— அக்கா, பார்த்தீங்களா?

— எதை? பேசாம இறங்கிப் போறாரே, அதையா?

— வரும்போது அந்த ரெண்டு சாக்கையும் மிதிச்சுக்கிட்டுத்தான் வந்தார். திரும்பும்போதும் மிதிச்சார். இந்தச் சாக்கை மட்டும் ரெண்டு தடவையும் எட்டி வெச்சுத் தாண்டிப் போறார். அடியில என்ன இருக்குன்னு நாம சொல்லவே இல்லையேக்கா. அப்ப, அந்தக் கோட்டை அவர் யாருக்காக வளைச்சார்?