வடக்குக் கரைக்கு இட்ட நட்சத்திரம்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை. காலை முதல் வானம் மூடியே கிடந்தது. புழுக்கம் மிகுந்ததேயன்றி மழை பொழியவில்லை. தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் பொதுமக்கள் தகவல் கூடத்தில், முகப்பு மேசைப் பெண் அலுவலருக்கும் ஆண்டறிக்கையைப் பார்வையிட வந்த நடுவயதினர் ஒருவருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல் இது. வாயிற்காவலரும் இடையில் சில சொற்கள் பேசினார்.

வந்தவர்: ...ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்குன்னு நினைச்சு ரெண்டு தடவை தட்டிக்கூடப் பார்த்தேன்.

அலுவலர்: எதைத் தட்டினீங்க?

வந்தவர்: இதைத்தான். ஐஸ் பேக்டரி, வடக்குக் கரை. எண் இருக்க வேண்டிய இடத்துல...

அலுவலர்: அது நட்சத்திரக் குறி சார். அச்சுல வந்தது. தட்டினா பறக்காது.

வந்தவர்: போன வருஷம் மூணுன்னு போட்டிருந்தீங்களே?

அலுவலர்: மூணுக்குக் கீழ போனா எண்ணைப் போடமாட்டோம். ரெண்டே ரெண்டு பேர் இருந்தா, மொத்த வருமானத்துலேர்ந்து ஒருத்தர் தன்னோடதைக் கழிச்சுட்டு அடுத்தவர் வருமானத்தைக் கண்டுபிடிச்சிடுவார். அதுக்காக.

வந்தவர்: அப்போ... ஒண்ணு மூடியாச்சு.

அலுவலர்: நான் அப்படிச் சொல்லலை.

வந்தவர்: மூணுக்குக் கீழன்னா...

அலுவலர்: சார், எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு. காலையிலேர்ந்து பேசிட்டே இருக்கேன். விலைவாசி எண்ணைத் திட்ட ஒரு கூட்டம். மக்கள்தொகை கூடிடுச்சுன்னு திட்ட இன்னொரு கூட்டம், ஏதோ நான்தான் பெத்துப் போட்ட மாதிரி.

காவலர்: இவரு ஒருத்தர்தான் மேடம் திட்டாம நிக்கிறாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு.

வந்தவர்: சரி, அதை விடுங்க. நாட்டு மொத்தம் இங்க இருக்கே. மத்த ஊரையெல்லாம் அதுலேர்ந்து கழிச்சா?

அலுவலர்: கழிச்சுப் பாருங்க.

வந்தவர்: தெற்குக் கரை அஞ்சு... மேற்கு ஒன்பது... கிழக்கு... இங்கயும் நட்சத்திரமா? இங்க யாரு போய்ச் சேர்ந்தா?

அலுவலர்: யாரும் போகலை. உங்களை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்து கழிப்பார்னுதான் அங்கயும் ஒண்ணு போட்டு வச்சோம்.

வந்தவர்: கில்லாடிங்கதான்.

அலுவலர்: சம்பளம் தர்றதே அதுக்குத்தான். எதுக்கு சார் உங்களுக்கு இது?

வந்தவர்: வடக்குப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரி போடலாமான்னு... ஒரு யோசனை.

அலுவலர்: நாலு வருஷமாவா?

வந்தவர்: என்ன?

அலுவலர்: நாலு வருஷமா அறிக்கை வெளியாகிற வாரம் வர்றீங்க. இதே வரியைப் பார்க்கறீங்க. மூணுன்னு இருந்ததும் மூடி வச்சுட்டுப் போயிடறீங்க. பேங்க்குல கடன்கூடக் கேட்காம ஒரு யோசனையை இத்தனை வருஷம் யாரு யோசிப்பா?

காவலர்: ஐயா, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க. நின்னுட்டே பொய் சொன்னா காலு வலிக்கும்.

வந்தவர்: அந்த மூணுல ஒண்ணு... எங்க அண்ணனோடது.

அலுவலர்: அப்போ அவரையே போன்ல கேட்கலாமே.

வந்தவர்: பேச்சு நின்னு பதினோரு வருஷம் ஆச்சு மேடம். அப்பா போனதும் பேக்டரியைப் பிரிச்சோம். புதுசா வந்த கம்ப்ரஸர் யாருக்குன்னு ஒரு சண்டை. அவர் ஒண்ணு சொன்னார், நான் ரெண்டா சொன்னேன். அவர் வடக்கே போனார், நான் தெற்கே போனேன். ஆளுக்கு ஒரு பேக்டரி.

அலுவலர்: அந்த ஊர்ல வேற யாரையாவது...

வந்தவர்: கேட்டா அன்னைக்கே அவர் காதுக்குப் போயிடும். தம்பி விசாரிச்சான்னு. இங்க கேட்டா யாருக்குத் தெரியப் போகுது? ஒரே ஒரு வார்த்தை மேடம். மூடினது அவரோடதா?

அலுவலர்: சொல்ல முடியாது.

வந்தவர்: சொல்ல வேண்டாம். இல்லைன்னா தலையை மட்டும்...

அலுவலர்: ஆட்டவும் முடியாது. ஒருத்தருக்கு ஆட்டினா நாளைக்கு எவனும் எங்களுக்கு உண்மைக் கணக்குத் தரமாட்டான். என் தம்பி வந்து கேட்டாலும் இதே பதில்தான்.

காவலர்: மேடம், அஞ்சாச்சு. கதவு...

அலுவலர்: ரெண்டு நிமிஷம் இருங்கண்ணே. சார்... இதை நான் முதல்லயே சொல்லியிருக்கலாம். சொல்லலாமா வேண்டாமான்னு குழப்பம். இது நாங்க எடுத்த கணக்கு இல்லை. இந்த மேசைக்கு வந்த போன்.

வந்தவர்: என்ன போன்?

அலுவலர்: வருஷா வருஷம் ஒருத்தர் கூப்பிடுவார். பேர் சொல்லமாட்டார். குரல் அச்சு அசல் உங்க குரல், கொஞ்சம் கரகரப்பு. போன செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார். தெற்குக் கரையில ஐஸ் பேக்டரி எத்தனைன்னு கேட்டார்.

வந்தவர்: ...தெற்குக் கரையா?

அலுவலர்: அஞ்சுன்னேன். "போன தடவையும் அஞ்சுதானே?"ன்னார். ஆமான்னேன். "அப்போ அவன் நல்லாத்தான் இருக்கான்"னு சொல்லிட்டு வச்சுட்டார்.

வந்தவர்: அண்ணன்தான்... அண்ணன்தான் அது.

அலுவலர்: சார்? நல்ல சேதிதானே? ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

வந்தவர்: அந்த அஞ்சு போன வருஷம் எடுத்த கணக்கு மேடம். என்னோடதை ஜனவரியிலயே மூடிட்டேன். இந்தத் தடவை நலம் விசாரிக்க வரலை... அவரோடது ஓடுதுன்னு தெரிஞ்சா, அங்க போய் ஒரு வேலை கேட்கலாம்னு வந்தேன்.

அப்பொழுது மாலை மணி ஐந்தைக் கடந்து ஏழு நிமிடங்கள் ஆகியிருந்தன.